மூவருக்கும் மூன்று பாடம், நான் ஒருத்தி: காலை நேரத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?

கோவைக்காரி | திங்கள், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கோவையில், சிங்காநல்லூர் பக்கம். பெரியவளுக்கு 11, நடுவில் பையன் 7, கடைக்குட்டிக்கு இன்னும் 2 முடியவில்லை. ஜூனில் இருந்து வீட்டில்தான் படிப்பு. பள்ளியை ஏன் விட்டோம் என்பதை இங்கே இழுக்கவில்லை, அது பெரிய கதை.

பிரச்சினை காலை 9 முதல் 12 வரை. சுவரில் அழகாக ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கிறேன். 9 மணிக்குப் பெரியவளுக்குக் கணக்கு, பையனுக்குத் தமிழ். 9.45க்கு அவளுக்கு அறிவியல், அவனுக்குக் கணக்கு. இப்படியே போகும். 9.15க்கே எல்லாம் குழம்பிவிடுகிறது. பெரியவளுக்குப் பின்னக் கூட்டல் சொல்ல ஆரம்பித்தால் பையன் ஒவ்வொரு வரிக்கும் "அம்மா, அடுத்து?" என்று வந்து நிற்கிறான். அவன் பக்கம் திரும்பினால் குட்டி ஜியாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்து காம்பஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். 12 மணிக்குப் பார்த்தால் இரண்டு பேர் நோட்டும் பாதியில், குக்கர் இன்னும் வைக்கவில்லை, எனக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட். அத்தை கூட இருக்கிறார்கள், ஆனால் முழங்கால் வலி, குட்டியின் பின்னால் ஓட முடியாது. உட்கார்ந்த இடத்தில் என்ன சொன்னாலும் செய்வார்கள்.

சமச்சீர் புத்தகங்களையே வைத்திருக்கிறோம். பெரியவளுக்கு ஐந்து பாடம், பையனுக்கு நான்கு. தினமும் எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம். வெவ்வேறு வயதில் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் வருகிற மாதிரி மர அலமாரி அடுக்கிய வீடு எங்களுடையது இல்லை. ஒரு கூடம், ஒரு பாய், ஒரு கட்டில்.

நொய்யல்கரை | திங்கள், இரவு 10.50

அக்கா, நீங்கள் ஒரே வீட்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள், நடுவில் ஒரு பால்வாடி வேறு. யாராலும் முடியாதுங்க.

எங்கள் வீட்டில் 13, 9, 6. கணக்கும் வாசித்து எழுதுவதும் படிப்படியாக ஏற வேண்டியவை, அவரவர் இருக்கும் படியில் இருந்துதான். அதைப் பொதுவாக வைக்க முடியாது. ஆனால் வரலாறு, அறிவியல், ஓவியம், செய்யுள் இதற்கெல்லாம் எதற்கு வயதுக்கு ஒரு பாடம்? ஒரு விஷயத்தை எடுத்து எல்லாரையும் உட்கார வைத்துவிடுவேன். யாருக்கு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்தோம். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருடம் பழசு. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, நிற்கத் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சின்னப் பையன் வேடம் எங்கள் 6 வயதுக்கு. குடம் நிஜக் குடம், ஓலைக்குப் பதில் காலண்டர் தாள். 9 வயதுக்காரி பெயர்களை எழுதினாள், எத்தனை சீட்டு, எத்தனை பேர் என்று எண்ணினாள். பெரியவன் தகுதி விதிகளைப் படித்தான். வயது 35 முதல் 70 வரை, சொந்த மனையில் வீடு, கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும், முன்பு வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது. வீட்டில் யார் யாருக்குத் தகுதி என்று பார்த்தால் ஒருத்தருக்கும் இல்லை! அது பிராமணர் ஊர்ச் சபை, மற்றவர்கள் கதை என்ன என்று அவனே கேட்டான். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். தங்கைக்கு மூன்று வரி. கடைசிப் பையன் குடத்தை வரைந்தான்.

ஒரே மணி நேரத்தில் மூன்று பேருக்கும் வரலாறு முடிந்தது. புத்தகத்தில் அந்தப் பாடம் எந்த வகுப்பில் வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

நடுநிலையாளன் | செவ்வாய், காலை 6.31

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கு அனுப்பினால் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லையே? 6 முதல் 14 வயது வரை அனுப்பியாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது அல்லவா?

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 7.05

சட்டத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே பேசுங்கள். சுருக்கமாக: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் இன்ன தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. திரும்பப் பள்ளிக்குப் போக நினைத்தால் 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். இந்த இழை கோவைக்காரி கேட்ட கேள்விக்கு மட்டும்.

ஓய்வு வாத்தியார் | செவ்வாய், காலை 11.20

அம்மா, நான் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், திண்டுக்கல் பக்கம். பேத்தி இந்தத் தளத்தைக் காட்டினாள் என்று வாசிக்கிறேன். வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சரியா தவறா என்பதற்குள் நான் வரவில்லை. ஆனால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல். என் சர்வீஸில் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளிகள்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்துக்கும் ஒரே ஆள்.

பையன் "அடுத்து?" என்று கேட்பது அவன் குறும்பு இல்லை. அவனுக்கு நீங்கள் கொடுத்து வைத்த வேலை அப்படி. நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்குப் புதுப் பாடத்தைக் கொடுத்தால் அவன் கேட்கத்தான் செய்வான், அவனுக்குத் தெரியாதே. புதியதைச் சொல்லும்போது அவன் பக்கத்திலேயே உட்காருங்கள். எழுந்து போகும்போது அவனுக்கு ஏற்கெனவே வருகிற வேலையைக் கொடுங்கள். நேற்று பழகிய கணக்கு, போன வாரம் வாசித்த கதையைப் பார்த்து எழுதுவது, வாய்ப்பாடு. இதில் மட்டும் கறாராக இருந்தீர்களானால் பாதிச் சத்தம் அடங்கும். நாங்கள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது ஐந்தாம் வகுப்பு தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கும். ஐந்துக்குத் திரும்பும்போது மூன்று எழுதும்.

அடுத்தது, எப்போதும் சின்னதில் இருந்து தொடங்குங்கள். பெரிய பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியும், ஒன்றாம் வகுப்புக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் முதல் பீரியட் கைக்குழந்தைக்கு. அதை மடியில் வைத்துப் பாட்டு, படம், கதை என்று வயிறும் மனசும் நிறைத்துவிட்டால் அது தானாக ஒரு மூலையில் போய் விளையாடும். எல்லாருக்கும் பாடம் நடத்திவிட்டு மிச்ச நேரம் குழந்தைக்கு என்றால் அது உங்களை எங்கேயும் உட்கார விடாது.

மூன்றாவது, செயல்வழிக் கற்றல். இதைச் சொன்னால் எங்கள் ஆசிரியர்களே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கி, 2007ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலிப் பள்ளியில் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்கு என்று உருவாக்கிய முறைதான் அதற்கு மூலம். பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டை. சுவரில் ஏணிப்படம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தானே பார்த்து, அந்த அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். குழுக்கள் ஆறு. ஆசிரியர் முழுதாக உதவுவது ஒன்று, பாதி உதவுவது ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளைகள் முழுதாகவும் பாதியாகவும் உதவுவது இரண்டு, தானே செய்வது ஒன்று, கடைசியாக மதிப்பீட்டுக்கு ஒன்று. ஆசிரியர் தரையில் முதல் குழுவோடு உட்கார்ந்திருப்பார்.

அட்டை கிழியும், தொலையும். சில பள்ளியில் அட்டையை மாற்றி மாற்றி வைத்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. அந்தக் குறையெல்லாம் உண்டு. ஆனால் "அடுத்து என்ன?" என்பதை ஆசிரியரிடம் கேட்காமல் ஏணியிடம் கேட்கப் பிள்ளை பழகியதே, அது பெரிய விஷயம். உங்கள் வீட்டில் ஒரு கயிறு கட்டுங்கள். பையனுடைய அன்றைய வேலைகளைத் துண்டு அட்டையில் எழுதித் துணிக் கிளிப்பில் வரிசையாக மாட்டுங்கள். நான்கு போதும். முடித்ததைக் கழற்றி டப்பாவில் போடட்டும். அட்டையைக் கழற்றும் ஆசைக்கே வேலை முடியும்.

கேள்வி வந்தால்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகச் சொல்லுங்கள். நீங்கள் வரும்போது அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அதற்குள் அவனே பதில் கண்டுபிடித்திருப்பான்.

கோவைக்காரி | செவ்வாய், மதியம் 2.40

ஐயா, ரொம்ப நன்றி. புதுப் பாடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போவதைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன் போல. அவன் மேல் கோபப்பட்டதுதான் மிச்சம்.

நொய்யல்கரை, குடவோலை எங்கள் வீட்டிலும் நடக்கப் போகிறது. ஆனால் எங்கள் குட்டி குடத்தைத் திருப்பித் தர மாட்டாள்.

ஒரு சந்தேகம். பெரியவள் நன்றாகப் படிப்பாள். தம்பிக்கு அவளையே சொல்லித் தரச் சொன்னால் என்ன? எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

கரிசல்காட்டான் | செவ்வாய், மாலை 5.15

தாராளமாகச் செய்யலாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடமே அப்படித்தானே ஓடியது. வாத்தியார் ஒருத்தர், பிள்ளைகள் எல்லா வயதிலும். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன்தான் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துப் போட வைப்பான், எண்சுவடி முறை சொல்ல வைப்பான். எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். உங்கள் பெரியவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மூத்தது நான்தான் | செவ்வாய், இரவு 9.48

அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். நான் வீட்டில் படித்த பிள்ளை, நால்வரில் மூத்தவள். இப்போது வேலைக்குப் போகிறேன். சட்டாம்பிள்ளையின் பக்கத்தில் இருந்தும் ஒரு குரல் வரட்டும்.

சொல்லிக் கொடுத்ததில் எனக்கு லாபம் இல்லாமல் இல்லை. தம்பிக்கு வகுத்தலை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே மீதி என்றால் என்ன என்று முழுதாகப் புரிந்தது. தங்கைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியது எனக்கு இன்றைக்கும் பிடித்த நினைவு.

பிடிக்காதது என்ன தெரியுமா? பக்கத்தின் நடுவில் கூப்பிடுவது. ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பேன், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று குரல் வரும். அந்தக் "கொஞ்சம்" எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் தம்பி வாய்ப்பாட்டில் தப்பினால் "நீ சரியாகச் சொல்லித் தரலையா?" என்று எனக்கு விழும். அவனைப் பெற்றது நானா?

அதனால் கோவைக்காரி அக்கா, அவளிடம் வேலை வாங்குங்கள், ஆனால் அதற்குத் தொடக்கமும் முடிவும் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் தம்பிக்கு வாசித்துக் காட்டுவது உன் வேலை என்றால் அது வேலை. எந்தக் கதை என்பதை அவள் முடிவு செய்யட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும், ஒன்று முதல் நான்கு வரை நிலை பிரித்திருப்பார்கள். தம்பிக்கு எந்த நிலை சரி என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். தம்பி கற்றானா இல்லையா என்பது மட்டும் உங்கள் பொறுப்பு, அவளுடையது இல்லை.

எங்கள் அம்மா பின்னாளில் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் சிவப்புத் துண்டு தொங்கினால் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, அம்மா உட்பட. துண்டை எடுத்துவிட்டேன் என்றால் எதற்கும் கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மூத்தது பையனாக இருந்து இளையது பெண்ணாக இருந்தால் இந்த யோசனை உங்களுக்கு வந்திருக்குமா? எனக்கு அடுத்த தம்பிக்கு என்னைவிட ஒரு வயதுதான் குறைவு. அவனை யாரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதே இல்லை.

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 10.20

நியாயம்தான் தங்கச்சி. சட்டாம்பிள்ளை என்ன நினைத்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பனிக்காலம் | புதன், அதிகாலை 4.02

நாங்கள் ஒன்ராறியோவில் இருக்கிறோம், அதுதான் இந்த நேரம். பிள்ளைகள் 10, 8, 4. இங்கே நடைமுறை லேசு. ஒவ்வொரு வருடமும் செப்டெம்பருக்கு முன்னம் பள்ளிச் சபைக்கு ஒரு கடிதம், பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதியோடு, வீட்டில் படிப்பிக்கிறோம் என்று. அவ்வளவுதான். ஆனால் உறைபனிக் காலத்தில் மூன்று பேரையும் ஒரே அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். வெளியில் விட்டு ஓட விடவும் முடியாது.

என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, கிழமைக்கு இன்ன பாடம் என்று வைப்பதில்லை. அறிவியல், வரலாறு, படம் கீறுதல், புவியியல், தமிழ்ப் பாட்டு என்று ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு எதுவோ அதைச் செய்வோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போனாலும் ஒன்றும் தவறிப்போகாது, விட்ட இடத்தில் அடுத்தது இருக்கும். முன்பு செவ்வாய் என்றால் அறிவியல் என்று வைத்திருந்தபோது, எங்களுக்குச் செவ்வாய்தான் பல் வைத்தியர், செவ்வாய்தான் தடுப்பூசி. அறிவியலே நடக்காது.

இரண்டாவது, பின்னேரம் ஒரு மணி நேரம் வீடு அமைதி. ஆளுக்கு ஒரு மூலை, புத்தகமோ மண்ணோ கட்டையோ எதுவும் சரி, ஆனால் கதைக்கக் கூடாது. சின்னவன் அநேகமாக நித்திரை. அந்த மணித்தியாலத்தில் நான் சமைப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை. தேத்தண்ணியோடு இருப்பேன். அதை விட்டால் இரவு பிள்ளைகளில் எரிந்து விழுவேன்.

உங்கள் மாமி உட்கார்ந்த இடத்தில் எதுவும் செய்வா என்று எழுதியிருக்கிறீர்கள். அவவை விடாதேயுங்கோ! என் மூத்தவள் காலமை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் தமிழ் வாசித்துக் காட்டுவாள். அங்கே பின்னேரம், அம்மம்மா விளக்கு வைக்கிற நேரம். பிழை விட்டால் அவவே திருத்துவா. எங்களுக்குக் கடல் தாண்டிக் கிடைப்பது உங்களுக்குக் கட்டிலிலேயே இருக்கிறது.

இரவுப்பணி அப்பா | புதன், காலை 8.15

சென்னை. மகன் 12, மகள் 6. நான் ஐடி, பாதி நாள் இரவு வேலை. ஷிப்ட் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

வாத்தியார் ஐயா சொன்னதையே ஷிப்டுக்கும் பொருத்திப் பாருங்கள். நான் பகலில் விழித்திருக்கும் வாரம் மகனுக்குப் புதுக் கணக்கு என் பொறுப்பு. நான் பகலில் தூங்குகிற வாரம் புதிதாக எதுவும் கிடையாது, பயிற்சி மட்டும். மனைவிக்கும் நிம்மதி. அப்பா "ஓய்வு கிடைத்தால் உதவுவார்" என்று விட்டால் எந்த அப்பாவுக்கும் ஓய்வு கிடைக்காது, நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு பாடத்தை முழுதாக அவர் தலையில் கட்டுங்கள். புத்தகமும் அவர் கையில்.

தினமும் எல்லாப் பாடமும் தொட வேண்டும் என்ற பதற்றம் பற்றி. உங்கள் மகளுக்கு 11. திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யவே 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் எடுத்தால் போதும், ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்று இல்லை, தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மூன்று வருடம் கையில் இருக்கிறது. இந்த வாரம் சமூக அறிவியல் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. கணக்கையும் வாசிப்பையும் மட்டும் விடாதீர்கள்.

குட்டிக்கு அரை மணி நேரம் டிவியில் பாட்டுப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் கணக்கை முடித்துவிடுங்கள். எல்லாரும் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை.

நொய்யல்கரை | புதன், காலை 9.40

டிவி விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னபடி 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2க்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். டிவி ஓடினால் 7 வயதுக்காரனும் அங்கேதான் பார்ப்பான். குட்டியை உட்கார வைக்கப் போய்ப் பையனை இழந்துவிடுவீர்கள்.

அதற்குப் பதில் காலைப் படிப்பு நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு கூடை வையுங்கள். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள், துணிக் கிளிப், பழைய வளையல், காலி பவுடர் டப்பா. புளியங்கொட்டை மட்டும் வேண்டாம், வாயில் போடும். 12 மணிக்குக் கூடை பரண் மேல். தினமும் கையில் இருந்தால் அதற்கு மதிப்பு இல்லை.

இரவுப்பணி அப்பா | புதன், காலை 9.52

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல் நாளுக்கு டிவிதான்.

நொய்யல்கரை | புதன், காலை 9.55

காய்ச்சல் நாளுக்கு எங்கள் வீட்டிலும் டிவிதான் :)

கோவைக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

எல்லாருக்கும் பதில் சொல்லாமல் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். சொன்னதை எல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது மணி பார்ப்பதில்லை, வரிசை மட்டும். முதலில் பாயில் எல்லாரும். குட்டி என் மடியில், ஆத்திசூடி இரண்டு வரி, ஒரு கதை, ஒரு பாட்டு. பெரியவள் முதலில் "இது பாப்பா பாடம்" என்று சலித்துக்கொண்டாள். அதனால் இப்போது அவள் தினமும் ஒரு குறளுக்குப் பொருள் சொல்ல வேண்டும், அதுவும் அதே பாயில். அது முடிந்ததும் குட்டிக்குக் கூடை வெளியே வரும். அந்த நேரத்தில் பையனோடு நான் உட்காருகிறேன், புதிதாக ஒன்றே ஒன்று. அப்புறம் அவன் கயிற்றைப் பார்த்துக்கொள்கிறான். ஐயா சொன்னது நிஜம், கிளிப்பைக் கழற்றுவதற்காகவே எழுதுகிறான். இரண்டு அட்டையைச் சும்மா கழற்றி டப்பாவில் ஒளித்ததும் நடந்தது!

அட்டை முடிந்தால் அத்தை கட்டிலுக்கு அருகில் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அத்தை ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்கள், ஆனால் ஒரு ஒற்று விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பதிலுக்கு அவனுக்குப் பல்லாங்குழி. அதில் நான்கு நான்காக, ஐந்து ஐந்தாக எண்ணப் பழகிவிட்டான், நான் வாய்ப்பாடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நேரம் முழுக்கப் பெரியவளுக்கு. சிவப்புத் துண்டுக்கு எங்கள் வீட்டில் அவளுடைய பழைய துப்பட்டா. "மூத்தது நான்தான்" எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று மாலையே துப்பட்டாவைத் தேடி எடுத்து வந்தாள். தம்பிக்குக் கதை வாசிப்பதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். குட்டியைப் பார்த்துக்கொள்வதில் பையனுக்கும் முறை வைத்திருக்கிறேன்.

சமூக அறிவியலும் அறிவியலும் மதியத்துக்கு மேல், பனிக்காலம் சொன்ன வரிசையில், எல்லாருக்கும் பொதுவாக. இட்லிக்கு ஊறப் போடுகிற அன்று கணக்கும் சமையலறையில்தான். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து. ஆறு உழக்கு அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு என்று பெரியவளைக் கேட்டேன். ஆறாம் வகுப்பில் விகிதம் வருகிறது, புத்தகத்தில் புரியாதது ஒன்றரை உழக்கை அளக்கும்போது புரிந்தது. பையன் உழக்கை எண்ணினான். குட்டி உளுந்தை இறைத்தாள், கூட்டியதும் பையன்தான்.

மாதாந்திர மின்தடை அன்று வீட்டில் இருப்பதே இல்லை. சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்விடுகிறோம். கூழைக்கடாவும் தாழைக்கோழியும் பார்த்தாயிற்று. பெரியவள் பட்டியல் எழுதுகிறாள், பையன் வரைகிறான்.

சரியாகாத ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். பக்கத்து வீடு, சொந்தக்காரர்கள். "பசங்கதான் வீட்டில் இருக்காங்களே, நீயும் சும்மாதானே இருக்கே" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். முகத்தில் அடித்தமாதிரி சொல்ல முடியவில்லை.

இரவுப்பணி அப்பா | ஞாயிறு, இரவு 7.10

எங்கள் வீட்டு வாசலில் "பாடம் நடக்கிறது, 12 மணிக்கு மேல் வரவும்" என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள், ஓரத்தில் பூப் படம் போட்டு. சின்னப் பிள்ளை எழுத்து என்பதால் யாருக்கும் கோபம் வருவதில்லை. போனை சைலன்ட்டில் போடுங்கள்.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 7.45

அத்தையை முன்னால் விடுங்க அக்கா. மருமகள் சொன்னால் திமிர், மாமியார் "பிள்ளைங்க படிக்கிற நேரம், சாயங்காலம் வாங்க கண்ணு" என்று சொன்னால் மறுபேச்சு இல்லை. அதையும் மீறி உள்ளே வருகிறவர்களைப் பாயில் உட்கார வைத்துப் பையனின் வாசிப்பைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களே மாலையில் வருவார்கள்.

கோவைக்காரி | ஞாயிறு, இரவு 8.20

அத்தையிடம் சொல்லிவிட்டேன், ரொம்பச் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள்!

வாத்தியார் ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். குட்டி சுவரெல்லாம் கிறுக்குகிறாள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழே கரும்பலகை இருந்ததாமே? வீட்டில் போட முடியுமா?

ஓய்வு வாத்தியார் | திங்கள், காலை 10.05

முடியும் அம்மா. வகுப்பறைச் சுவரைச் சுற்றித் தரையில் இருந்து பிள்ளை எட்டும் உயரம் வரை போட்டிருந்தோம், ஆளுக்கு ஒரு கட்டம். ஹார்டுவேர் கடையில் கரும்பலகை பெயின்ட் என்று கேளுங்கள், சின்ன டப்பா போதும். சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு இரண்டு கோட்டிங் அடியுங்கள், ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு மற்றது. இரண்டாவதும் காய்ந்த பின் உடனே எழுத விடாதீர்கள். சுண்ணக்கட்டியைப் படுக்க வைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அப்புறம் எழுதட்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதியது அழியவே அழியாது. பையனுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்.